போன விலையும் வாங்கினவர் நம்பரும்

கார் விற்பவர்கள் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினால் எனக்குச் சிரிப்பு வரும். ஜப்பானில் ஏலத்துக்கு விட்டு ஆக்ஷன் ஷீட் எழுதும்போது ஒரு இலட்சம் கிலோமீற்றர் தாண்டியிருந்த கார், இங்கே விற்பனைக்கு வந்து நிற்கும்போது நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கும். அப்படி மீட்டர் இளமை திரும்பிய கதைகள் இல்லாத ஊர் இலங்கையில் கிடையாது. அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவர் “கஸ்டமர்ட விபரத்தை நான் வெளியில குடுக்கமாட்டன்” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் விட்டதோடு விசயம் முடிந்துபோகவில்லை. சொன்னவர் என் தாய்மாமன். அவர் சொன்ன காரணம் பொய் என்று எனக்குத் தெரியும். அவர் எடுத்த முடிவு சரி என்றும் தெரிகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

மாமாவின் கார் சேல் திருகோணமலையில் அனுராதபுரச் சந்தி தாண்டி, கன்னியா போகிற பக்கம் இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே சில கார்கள், வெயிலில் ஒன்றிரண்டு வான், ஒரு மூலையில் யாரோ விற்றுத்தரச் சொல்லி விட்டுப்போன முச்சக்கரவண்டி. நான் வேலை முடிந்து பின்னேரங்களில் போய்ப் படம் எடுத்து இக்மனிலும் ரியசெவனவிலும் பேஸ்புக்கிலும் விளம்பரம் போட்டுக் கொடுப்பேன். கணக்குக் கொப்பியும் என் பொறுப்புத்தான். அப்படி ஒரு பின்னேரம்தான் கொழும்பிலிருந்து அந்தத் தம்பி வந்தார். நல்ல சேட், கையில் டெப்லட், எங்கள் ஊர் வெக்கைக்குப் பழக்கமில்லாத முகம். வாகன விலையை இணையத்தில் கணித்துச் சொல்லும் சேவை ஒன்று தொடங்குகிறார்களாம். எங்கள் வாகனங்களை இலவசமாக மேலே காட்டுவார்கள். அவர்கள் அனுப்பிய ஆள் வாங்கினால் மட்டும் ஒரு தொகை கொடுத்தால் போதும். பதிலுக்கு அவர்களுக்கு வேண்டியது விற்ற ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு வரி: எந்த மொடல், எந்த வருசம், கடைசியாகப் போன விலை, வாங்கியவரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம்.

மாமா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார், பிறகு மேலே சொன்ன வசனத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தத் தம்பி போனதும் என்னைப் பார்த்துச் சொன்னது வேறு: “போன விலையக் குடுத்தா நாளைக்கு வாறவன் அதைக் காட்டியெல்லோ கேப்பான்.”

கேட்கிற விலை, போகிற விலை

மாமாவின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இக்மன் 2012இல் வந்தது. அதற்கு முன்னர் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை விளம்பரமும் புரோக்கர்மாரின் வாயும்தான் விலை. இப்போது மூதூரிலிருந்து வருகிறவர் குருநாகலில் நிற்கிற வகன் ஆரின் விலையைத் தொலைபேசியில் காட்டி “அங்க இதுக்குக் குடுக்கிறாங்களே” என்று கேட்கிறார். ஆனால் அவர் காட்டுவது கேட்கிற விலை. அது எத்தனைக்குப் போனது என்று எந்தப் பக்கத்திலும் வராது. விளம்பரத்துக்குக் காசு வாங்கிவிட்டால் வாகனம் விற்றதா, கிடந்து பழுதானதா என்பது அந்தத் தளங்களின் கவலை இல்லை. கேட்கிற விலைக்கும் போகிற விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் மாமா வீடு கட்டினார், இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தார்.

அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்பதை வாகனம் முடிவு செய்வதில்லை, வருகிற ஆள்தான் முடிவு செய்கிறார். கூட ஒரு மெக்கானிக் பாஸைக் கூட்டிவந்து பொனெட்டைத் திறக்கச் சொல்கிறவருக்கு ஒரு விலை. மனைவியோடு வந்து நிறத்தைப் பற்றி மட்டும் கதைக்கிறவருக்கு இன்னொன்று. “காசு தம்பி சுவிஸில இருந்து அனுப்புறான்” என்று வாய் தவறிச் சொன்னவருக்கு மூன்றாவது. ரெடிக் காசா, லீசிங்கா என்பதைப் பொறுத்து மறுபடி ஏறும், இறங்கும். சிங்களம் சரளமாகப் பேசுகிறவர் கொழும்பில் விசாரித்துவிட்டு வந்திருப்பார் என்று மாமா நினைப்பார். அதனால் அவரிடம் கொஞ்சம் அடக்கிச் சொல்வார். ஒரு கிராமத்துக் கிழவர் வயல் விற்ற காசோடு வந்தால், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவரிடம் அடக்க மாட்டார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும் வரைக்கும் இருந்த காலம் மாமாவின் பொற்காலம். புதிய வாகனம் நாட்டுக்குள் வராது, இருப்பதுதான் இருக்கும். வாங்கி வருசக்கணக்கில் ஓடிய கார் வாங்கிய விலையை விடக் கூடப் போனது. உண்மையான விலை என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் இணையத்தில் ஐந்து இலட்சம் ஏற்றிப் போடுவார், அதைப் பார்த்து மற்றவர் ஏற்றுவார், அந்த இரண்டையும் பார்த்து “மார்க்கெட் ரேட் இதுதான்” என்று மாமா சொல்வார். இணையம் விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் என்று சொல்பவர்கள் அந்த ஐந்து வருசமும் இங்கே வந்து இருந்திருக்க வேண்டும்.

ஆளைப் பார்த்து விலை சொல்வது நம் ஊர் வியாதி என்று நினைக்க வேண்டாம். சிக்காகோவில் இயன் எயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர், ஒரே மாதிரிப் பேசப் பழக்கிய ஆட்களை டீலர்களிடம் அனுப்பிப் பார்த்து 1991இல் எழுதினார். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையை விடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடுதலாகவே சொன்னார்கள். பிறகு யேலின் பியோனா ஸ்கொட் மோர்ட்டனும் கூட்டாளிகளும் இணையம் வழியாகக் கார் வாங்கியவர்களின் கணக்கை ஆராய்ந்தார்கள். கறுப்பின, ஹிஸ்பானிய மக்கள் கடையில் நேரே போய் வாங்கும்போது இரண்டு சதவீதமளவு கூடக் கொடுத்தார்கள், இணையம் வழியாக வந்தபோது அந்த வித்தியாசத்தின் பெரும் பகுதி காணாமல் போயிற்று. முகம் தெரியாத இடத்தில் முகத்துக்கு விலை இல்லை. ஆகவே விலைச் சேவைகளை நான் எதிர்ப்பவன் அல்ல. வயல் விற்ற காசோடு வருகிற அந்தக் கிழவரின் தொலைபேசியில் போன விலை தெரிந்தால் நான்தான் முதலில் சந்தோசப்படுவேன். மாமாவுக்குத் தெரியாமல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இன்றும் எல்லோரும் எடுத்துக்காட்டும் கெல்லி புளூ புக் என்ற விலைப்புத்தகத்தைத் தொடங்கியவரே ஒரு கார் வியாபாரி. லெஸ் கெல்லி 1926இல் தன் வியாபாரத்துக்காக எழுதிய பட்டியல் அது. வங்கிகளும் டீலர்களும்தான் அதை நெடுங்காலம் வைத்திருந்தார்கள். பொதுமக்களுக்கான பதிப்பு வந்தது 1993இல். ஆக, விலை தெரிவதைப் பற்றி டீலர்களுக்கு ஒருநாளும் பிரச்சினை இருந்ததில்லை. வாங்குகிறவருக்குத் தெரிவதுதான் பிரச்சினை.

ட்ரூகார் கேட்டது

கொழும்புத் தம்பி கொண்டுவந்த திட்டம் அவருடைய சொந்த மூளையில் உதித்ததல்ல. கலிபோர்னியாவின் ட்ரூகார் நிறுவனம் இதையேதான் செய்தது. 2005இல் ஸ்கொட் பெயின்டர் தொடங்கியது. மற்றவர்கள் இதே காருக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை வரைபடமாகக் காட்டும். டீலரிடம் முற்பணம் இல்லை. அவர்கள் அனுப்பிய ஆள் புதிய கார் வாங்கினால் 299 டொலர், பாவித்த கார் என்றால் 399 டொலர். கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்கள் அனுப்பிய ஆள்தான் வாங்கினார் என்று ட்ரூகாருக்கு எப்படித் தெரியும்? டீலரின் வாயை நம்ப முடியாது. அதனால் டீலரின் கணினிக்குள்ளேயே வந்து, விற்பனைப் பதிவுகளை எடுத்து, தங்களிடம் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டார்கள். விலை காட்டுகிற சேவைக்கு வாங்கியவரின் பெயர் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அதுதான்: காசு வசூலிப்பதற்கு. விலையைக் கணிக்க அந்தப் பெயரால் ஒரு பிரயோசனமும் இல்லை.

2011 கடைசியில் டீலர்கள் கிளம்பினார்கள். ஒரு பக்கம், கார்க் கொம்பனிக்கு டீலர் கொடுக்கும் இன்வொய்ஸ் விலைக்கும் கீழே போட்டியிட வைக்கிறார்கள் என்ற கோபம். இணையத்தில் அப்படி இறக்கிக் காட்டினால் விளம்பர உதவித்தொகை கிடையாது என்று ஹொண்டா தன் டீலர்களை எச்சரித்தது. சில மாநிலங்களின் அதிகாரிகள் இது தரகுச் சட்டத்துக்குள் வருகிறது என்றார்கள். மறுபக்கம், எங்கள் வாடிக்கையாளரின் தகவலை எங்கள் கணினிக்குள் இருந்து உறிஞ்சுகிறார்கள், அது எங்கே போகிறதென்று எங்களுக்கே தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு. டீலர்கள் பெருந்தொகையில் விலகிப் போனார்கள். ட்ரூகார் 2012இல் தன் முறையை மாற்றிக்கொண்டு டீலர்களிடம் சமாதானம் பேசியது. 2014இல் பங்குச் சந்தைக்கும் போயிற்று.

அந்தச் சண்டையைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு மாமாவின் குரல் கேட்டது. இரண்டு முறைப்பாடுகள். ஒன்று விலையைப் பற்றியது, அதை வெளியே சொன்னால் சனம் சிரிக்கும். மற்றது வாடிக்கையாளரின் தகவலைப் பற்றியது, அதைச் சொன்னால் சனம் தலையாட்டும். ஆகவே இரண்டாவதை முன்னுக்கு நிறுத்துகிறார்கள். அமெரிக்க டீலருக்கு அப்படிச் சொல்லச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. கடன் ஒழுங்கு செய்து கொடுப்பதால் 1999ஆம் ஆண்டின் கிராம்-லீச்-பிளைலிச் சட்டப்படி டீலரும் ஒரு நிதி நிறுவனம் மாதிரி. வாங்குகிறவரின் தகவலைக் காக்கிற கடமை அவருக்கு உண்டு. மாமாவுக்கு அப்படி ஒரு சட்டத்தின் பெயரும் தெரியாது. ஆனால் அதே வாதம் அவர் வாயில் தானாக வந்தது. இதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் நான் கொஞ்ச நாள் இருந்தேன். வியாபாரி அந்தரங்கம் என்று சொன்னால் இலாபம் என்று வாசிக்க வேண்டும், கதை முடிந்தது.

டீச்சர் வந்த நாள்

கிண்ணியாவிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஏற்கனவே ஒருமுறை தன் தம்பியோடு வந்து ஒரு ஆல்ட்டோவைப் பார்த்து, லீசிங்குக்கு வேண்டிய கடதாசிகளையெல்லாம் கொடுத்துவிட்டுப் போனவர். அடையாள அட்டைக் கொப்பி, சம்பளச் சீட்டு, வங்கிக் கூற்று, மின்சார பில், பிணை நிற்கிற இரண்டு பேரின் விபரம். பிறகு அந்தக் கார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். அது வழமைதான், பத்துப் பேர் பார்த்தால் ஒருவர் வாங்குவார். வேண்டாம் என்று சொன்னவர் திரும்பி வருவதுதான் வழமையில்லை. பாலம் இல்லாமல் மிதவைப் பாதையில் ஏறிக் கடந்து வந்த காலமாக இருந்தால் அவரும் வந்திருக்கமாட்டாரோ என்னவோ.

“ஐயா, நான் தந்த கொப்பியளைத் திருப்பித் தாங்க” என்றார்.

மாமா சிரித்தார். “அது எங்கயும் போகாது டீச்சர். அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கும்.”

“இருக்கும் எண்டதாலதான் கேக்கிறன்.”

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. டீச்சர் கோபமாகப் பேசவில்லை, வகுப்பில் விளங்காத பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். கடதாசி கொடுத்த மறுநாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லையாம். பெயர் கேள்விப்படாத லீசிங் கொம்பனிகள், காப்புறுதிக்காரர், ஒருவர் தனிப்பட்ட கடன் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். ஒருவன் எடுத்த எடுப்பில் “உங்கட சம்பளத்துக்கு மாதம் இவ்வளவு கட்டலாம் மிஸ்” என்று தொகையைச் சொல்லியிருக்கிறான். அவருடைய கணவருக்கே சரியாகத் தெரியாத தொகை அது. பிணை நிற்கச் சம்மதித்த பாடசாலை அதிபருக்கும் அழைப்புப் போயிருக்கிறது. “அவருக்கு முன்னால எனக்குத் தலை நிமிர முடியல்ல ஐயா. கார் வாங்கப் போனேனா, கடனுக்கு அலையிறேனா எண்டு கேக்குறார்.”

என்ன நடந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கார் சேலில் லீசிங்குக்கென்று ஒரு பையன் வந்து உட்காருவான். எங்களிடம் சம்பளம் வாங்குபவன் அல்ல, ஒவ்வொரு கொம்பனியிடமும் கொமிஷன் வாங்குபவன். யார் தந்த கடதாசியாக இருந்தாலும் மேசையில் பரப்பி வைத்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் தெரிந்த அதிகாரிகள் எல்லோருக்கும் ஒரே தடவையில் அனுப்பிவிடுவான். எவர் முதலில் ‘அப்ரூவல்’ என்கிறாரோ அவருக்கு வியாபாரம். வேகமாக வேலை முடிகிறதென்று வாங்குகிறவர்களும் அவனைப் புகழ்வார்கள். ஒருவரிடம் கொடுத்த கடதாசி பலரிடம் போகிறது என்று யாருக்கும் சொல்வதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

மாமா எழும்பிப் போய் இரும்பு அலுமாரியைத் திறந்தார். நான் அதற்குள் ஒருநாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. சொப்பிங் பைகளில் கட்டுக் கட்டாகப் போட்டோக் கொப்பிகள். வாங்கியவர்கள், வாங்காதவர்கள், விற்றவர்கள், பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் கைமாறிய வாகனங்களுக்கு யாரோ வெறுமையாகக் கையெழுத்து வைத்த படிவங்கள். ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். ஒருவர் கோவிட் காலத்தில் இறந்துவிட்டார், அவருடைய மரண அறிவித்தலை மாமாதான் பேஸ்புக்கில் போடச் சொன்னார். அவருடைய அடையாள அட்டையும் கைரேகையும் அங்கே கிடக்கின்றன. டீச்சரின் கட்டு மேலாகவே இருந்தது. அவர் அங்கேயே நின்று ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்தார். சம்பளச் சீட்டு இல்லை. மாமா மறுபடி தேடினார், கிடைக்கவில்லை. டீச்சர் இருந்ததைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “வட்ஸ்அப்ல போனதை எப்பிடி தம்பி திருப்பி எடுக்கிற?”

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மாமா பக்கத்துக் கடையிலிருந்து நெக்டோ வாங்கிவரச் சொன்னார், டீச்சர் குடிக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு என் பழைய சூத்திரம் வேலை செய்யவில்லை. வியாபாரி சொல்லும் அந்தரங்கம் இலாபத்தின் முகமூடி என்பது சரி. ஆனால் அந்த முகமூடியில் வரைந்திருப்பது ஒரு உண்மையான ஆளின் முகம். டீச்சருக்கு நடந்தது நடந்ததுதான். மாமா அந்தக் கொழும்புச் சேவைக்கு விபரம் கொடுத்திருந்தால் டீச்சரைப் போன்றவர்களின் எண்கள் இன்னும் தூரம் போயிருக்கும். கொடுக்காததால் ஒன்றும் பாதுகாப்பாக இருந்துவிடவும் இல்லை. கதவைப் பூட்டிவிட்டேன் என்று பெருமைப்பட்ட வீட்டில் பின்சுவரே இல்லை. அமெரிக்கச் சண்டையைத் திரும்பப் படித்தபோது அங்கேயும் எனக்கு அதுதான் தெரிந்தது. தகவல் எங்களுடையது என்று டீலர் சொல்கிறார், நாங்கள்தான் சேகரித்தோம் என்று சேவை சொல்கிறது, எங்கள் மென்பொருளுக்குள் இருக்கிறது என்று மென்பொருள் நிறுவனம் சொல்கிறது. அரிசோனா மாநிலம் 2019இல் டீலர் தரவைப் பற்றிச் சட்டம் போட, மென்பொருள் நிறுவனங்கள் வழக்குக்கே போயின. அத்தனை வாதத்திலும் காரை வாங்கிய மனிதர் எங்கேயும் எழுந்து பேசவில்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை. 2024 ஜூனில் சிடிகே என்ற அந்த மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றின் மீது இணையத் தாக்குதல் நடந்து ஏறக்குறைய 15,000 டீலர்கள் பேனையும் பேப்பரும் எடுத்து எழுத வேண்டி வந்தது. மாமாவுக்குச் சொன்னபோது, “நாங்கள் எப்பவும் பேப்பர்தானே” என்றார். அலுமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார், அதனால் நான் பதில் சொல்லவில்லை.

பட்டியல் என்றால் பயப்படுகிற ஊர்

கொழும்பில் இருப்பவர்களுக்கு இது விளம்பர அழைப்புத் தொல்லை. திருகோணமலையில் கொஞ்சம் வேறு. வீட்டில் இரவு தங்குகிறவர்களின் பெயரைப் பொலிஸில் பதிந்து வைத்த காலத்தைக் கண்டவர்கள் இன்னும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார்கள். என் அம்மாவிடம் யாராவது அடையாள அட்டை இலக்கம் கேட்டால், தெரிந்த கிராம சேவகராக இருந்தாலும், “ஏனாம்?” என்று ஒரு கேள்வி வரும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் வாழ்கிற இந்த மாவட்டத்தில் யார் எந்த ஊரில் இருக்கிறார், என்ன வாகனம் வைத்திருக்கிறார், எவ்வளவு சம்பளம் என்று ஒரே இடத்தில் எழுதிய பட்டியல் சும்மா கிடக்கிற பொருள் அல்ல. அது யாருடைய கைக்குப் போகும் என்பதை எழுதுகிறவர் தீர்மானிக்க முடியாது.

அடையாள அட்டை இலக்கத்தை வெறும் இலக்கம் என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறோம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம், அடுத்த மூன்று வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இல் வந்த 12 இலக்கப் புதிய அட்டையிலும் அதே கணக்கு, வருசம் மட்டும் முழுதாக வரும். இலக்கத்தைப் பார்த்தே வயதும் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் சொல்லிவிடலாம். விலைக் கணிப்புக்கு டீச்சரின் பிறந்த நாள் எதற்கு?

கொடுத்துப் பழகிவிட்டோம் என்பதும் ஒரு காரணம். 2022இல் எரிபொருளுக்கு கியூ.ஆர். வந்தபோது ஊர் முழுக்க அடையாள அட்டை இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் தூக்கிக்கொண்டு கொமினிகேசன் கடைகளுக்கு ஓடியது. தெரியாத பையனிடம் வாகனப் புத்தகத்தைக் கொடுத்து, “தம்பி, எனக்கும் ஒண்டு அடிச்சுத் தாங்கோ” என்று வரிசையில் நின்றோம். சீனக்குடாவில் அத்தனை பெரிய எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு ஐந்து லீற்றருக்கு நின்ற வெப்புசாரத்தில் அந்தரங்கம் யாருக்கு ஞாபகம் வரும்? அந்தக் கடைக் கணினிகளில் இன்னும் என்னென்ன கிடக்கின்றனவோ.

சட்டம் இல்லாமல் இல்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். எந்தத் தேவைக்கு வாங்கினாயோ அதற்கு மட்டும் பாவி, தேவை முடிந்தால் வைத்திருக்காதே என்பது அதன் சாரம். மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணமும் எழுதியிருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கியமான பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள். தரவு மையம் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தை மனதில் வைத்து எழுதிய சட்டம் என்றாலும் இரும்பு அலுமாரியில் கிடக்கும் சொப்பிங் பைக்கும் அது பொருந்தத்தான் வேண்டும். யார் வந்து அனுராதபுரச் சந்தியில் அலுமாரி திறந்து பார்க்கப் போகிறார்கள் என்பது வேறு கதை.

இப்போது நான் நினைப்பது

போன விலை வாகனத்தைச் சேர்ந்தது. எந்த மொடல், எந்த வருசம், எவ்வளவு ஓடியது, எவ்வளவுக்குப் போனது என்பதை ஊருக்கே சொல்லலாம், சொல்ல வேண்டும். அதை மறைப்பதால் பாதுகாக்கப்படுவது மாமாவின் இடைவெளி மட்டும். வாங்கியவரின் பெயரும் இலக்கமும் வாங்கியவரைச் சேர்ந்தவை. அவற்றைக் கொடுப்பதற்கு மாமாவுக்கும் உரிமை இல்லை, கேட்பதற்கு அந்தச் சேவைக்கும் உரிமை இல்லை. இரண்டையும் ஒரே வரியில் எழுதச் சொல்வதில்தான் சேவையின் சூழ்ச்சி இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே மறுப்பதில் மாமாவின் சூழ்ச்சி இருக்கிறது. பெயர் இல்லாமல் கொமிஷன் எப்படி வசூலிப்பது என்று சேவைக்காரர் கேட்டால், அது அவருடைய வியாபாரப் பிரச்சினை. மாதச் சந்தா வாங்கட்டும். ட்ரூகாரே சில மாநிலங்களில் அப்படித்தான் மாற வேண்டி வந்தது.

இதை மாமாவிடம் சொல்லி ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. அலுமாரி விசயத்தில் அவர் இறங்கி வந்தார். வாங்காமல் போனவர்களின் கட்டுகளைப் பின்வளவில் போட்டுக் கொளுத்தினோம். லீசிங் பையனுக்கு, ஆளிடம் கேட்காமல் ஒரு கொம்பனிக்கும் படம் அனுப்பக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவன் கேட்கிறானா என்பது எனக்குச் சந்தேகம். விலை விசயத்தில் மாமா அசையவில்லை. “உனக்கு மாதச் சம்பளம் வருது மருமகன், எனக்கு வாகனம் போனாத்தான் சோறு” என்றார். அதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. நியாயமான விலைக்கு விற்றே ஒரு சின்னக் கார் சேல் திருமலையில் நின்றுபிடிக்குமா என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிற்கும், ஆனால் லீசிங் கொமிஷனில் நிற்கும். கடதாசிகளைப் பரப்பிப் படம் எடுக்கிற அதே மேசையில்.

கடைசியில் மாமா அரை மனதோடு ஒன்றுக்குச் சம்மதித்தார்: விற்று ஆறு மாதம் தாண்டிய வாகனங்களின் விலையை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம், ஆளின் விபரம் இல்லாமல். நான் அந்தக் கொழும்புத் தம்பிக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது. யோசனை நல்லதாம், ஆனால் அவர்களுடைய படிவத்தில் தொலைபேசி இலக்கம் கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டியாம், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாதாம். வாசித்துக் காட்டினேன். மாமா கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப எல்லாத்துக்கும் என்ர நம்பரைப் போடு” என்றார்.